கல் தெறித்து முன்கண்ணாடி உடைந்தால் என்.சி.டி. கழிவு போய்விடுமா?

செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிக்குப் பின்னால் போகும்போது தெறிக்கும் ஒரு சிறு கல் போதும், காரின் முன்கண்ணாடியில் நட்சத்திரம் போல் ஒரு கீறல் விழுந்துவிடும். காலையில் காசு அளவில் இருந்தது, மதிய வெயிலில் கார் நின்ற பிறகு கண்ணாடியின் மறுமுனை வரை ஓடிவிடுவதும் உண்டு. தோட்டத்து மண் சாலையானாலும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையானாலும் இந்தத் தொல்லைக்கு விதிவிலக்கு இல்லை.

கண்ணாடியை மாற்றுவது பெரிய வித்தை அல்ல. பட்டறைக்காரர் ஓரிரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார். சிக்கல் பணத்தில்தான் இருக்கிறது. "காப்புறுதி இருக்கிறதே, அதில் கோரிக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். எந்தப் பிரிவின்கீழ் கோருகிறோம் என்பதைப் பொறுத்து, செலவு ஒரு காசும் இல்லாமல் முடியலாம். அல்லது கண்ணாடியின் விலையைப் போல் இரண்டு மடங்கு வரை கையைவிட்டுப் போகலாம். ஐந்து ஆண்டுகளாகக் கவனமாக ஓட்டிச் சேர்த்த என்.சி.டி. கழிவு இதில் மாட்டிக்கொள்வதே காரணம்.

முழுக் காப்புறுதி என்றால் கண்ணாடியும் சேர்த்தியா?

மலேசியாவில் காருக்கு எடுக்கப்படும் காப்புறுதி மூன்று வகை. முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்தை மட்டும் அது ஏற்கும். இரண்டாவது, அதனுடன் தீ, திருட்டு இரண்டையும் சேர்த்தது. மூன்றாவது, 'காம்பிரிஹென்சிவ்' எனப்படும் முழுக் காப்புறுதி. விபத்தில் நம் சொந்த காருக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்பது இது ஒன்றுதான்.

தோட்டங்களிலும் கம்பங்களிலும் ஓடும் பழைய கார்கள் பலவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட காரின் கண்ணாடி உடைந்தால் சொந்தக் காசில்தான் மாற்ற வேண்டும். இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

குழப்பம் வருவது முழுக் காப்புறுதி எடுத்தவர்களுக்குத்தான். பெயரில் 'முழு' என்று இருந்தாலும், கண்ணாடிக்கான தனிப் பாதுகாப்பு அதில் தானாகச் சேர்வதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் 'விண்ட்ஸ்கிரீன்' என்றோ மலாயில் 'செர்மின்' என்றோ தனி வரியும், அதன் எதிரே ஒரு தொகையும் இருக்கும். அந்த வரி இருந்தால் கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் தனிப் பாதுகாப்பு இல்லை. சில நிறுவனங்கள் தங்களுடைய சிறப்புத் திட்டங்களில் இதைச் சேர்த்தே தருகின்றன. அப்போதும் பத்திரத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

தக்காஃபுல் முறையில் காப்புறுதி எடுத்தவர்களுக்கும் நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

ஒரு கண்ணாடிக்காக எவ்வளவு போகும்?

என்.சி.டி. என்பது ஓர் ஆண்டில் எந்தக் கோரிக்கையும் செய்யாத வாகனமோட்டிக்கு அடுத்த ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு. தனியார் கார்களுக்கு அது 25 விழுக்காட்டில் தொடங்கி, 30, 38.33, 45 என்று ஆண்டுதோறும் ஏறி, ஐந்தாவது ஆண்டில் 55 விழுக்காட்டைத் தொடும். அதற்கு மேல் ஏறாது. ஆனால், சொந்தச் சேதத்துக்கு ஒரே ஒரு முறை கோரினாலும் கழிவு மறுபடியும் சுழியத்துக்கு இறங்கிவிடும். 55 விழுக்காட்டில் இருப்பவர் 45-க்கு இறங்குவார் என்பதல்ல. ஒரேயடியாக ஒன்றுமில்லாத நிலைக்கு வந்துவிடுவார்.

கண்ணாடிக்கான தனிப் பாதுகாப்பின்கீழ் கோரினால் என்.சி.டி. பாதிக்கப்படாது. அந்தப் பாதுகாப்பு இல்லாதவர் முழுக் காப்புறுதியின் சொந்தச் சேதப் பிரிவில் கோரினால் என்.சி.டி. போய்விடும். உடைந்தது கண்ணாடி ஒன்றுதானே என்று யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருடைய காரின் அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 1,000 ரிங்கிட். 55 விழுக்காடு கழிவு இருப்பதால் அவர் செலுத்துவது 450 ரிங்கிட். கல் பட்டுக் கண்ணாடி உடைந்தது. மாற்ற 700 ரிங்கிட் ஆகிறது. கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு இல்லாததால் சொந்தச் சேதப் பிரிவில் கோரி அந்த 700 ரிங்கிட்டைப் பெற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு அவருக்குக் கழிவு இல்லை. முழு 1,000 ரிங்கிட்டைச் செலுத்துவார்; கூடுதல் செலவு 550. இரண்டாம் ஆண்டு 25 விழுக்காடு கழிவு; கூடுதல் செலவு 300. மூன்றாம் ஆண்டு 250. நான்காம் ஆண்டு ஏறக்குறைய 167. ஐந்தாம் ஆண்டு 100. ஆறாம் ஆண்டில்தான் பழைய 55 விழுக்காட்டுக்குத் திரும்புவார். அடிப்படைப் பிரீமியம் மாறாது என்று கொண்டால், ஐந்து ஆண்டுகளில் அவர் கூடுதலாகச் செலுத்துவது ஏறக்குறைய 1,367 ரிங்கிட். சேவை வரி இதில் சேரவில்லை.

700 ரிங்கிட் வாங்க 1,367 ரிங்கிட் கொடுத்த கதை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. காரை ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவராகவோ, 'பி' உரிமம் வைத்திருப்பவராகவோ, பத்திரத்தில் பெயர் குறிப்பிடப்படாதவராகவோ இருந்தால், சொந்தச் சேதக் கோரிக்கையில் முதல் 400 ரிங்கிட்டை அவரே ஏற்க வேண்டும். 700 ரிங்கிட் கண்ணாடிக்குக் கிடைப்பது 300 ரிங்கிட் மட்டுமே.

ஆகவே, உடைந்தது கண்ணாடி மட்டும் என்றால், தனிப் பாதுகாப்பின்கீழ் கோரலாம். அது இல்லாவிட்டால் சொந்தக் காசில் மாற்றிக்கொள்ளலாம். சொந்தச் சேதப் பிரிவைத் தொடுவது பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும். கழிவு எதுவும் இல்லாத புதிய வாகனமோட்டிக்கும் இது பொருந்தும். கோரிக்கை செய்தால், அடுத்த ஆண்டு கிடைக்கவிருந்த 25 விழுக்காடு அவருக்குத் தள்ளிப்போகும்.

தம்முடைய என்.சி.டி. எத்தனை விழுக்காடு என்று தெரியாதவர்கள் 'மை கார் இன்ஃபோ' இணையச் சேவையில் பார்த்துக்கொள்ளலாம். காப்புறுதி முகவரிடமும் கேட்கலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

கண்ணாடிப் பாதுகாப்புக்கான கட்டணம் வழக்கமாகக் காப்புறுதித் தொகையில் 15 விழுக்காடு. 800 ரிங்கிட்டுக்கு எடுத்தால் 120 ரிங்கிட். அதற்கு 8 விழுக்காடு சேவை வரி சேர்த்தால் 129 ரிங்கிட் 60 காசு. இந்தக் கட்டணத்துக்கு என்.சி.டி. கழிவு கிடையாது.

இது எல்லாருக்கும் தேவையா? ஐந்து ஆண்டு தொடர்ந்து எடுத்தால் 648 ரிங்கிட் ஆகிறது. ஐந்து ஆண்டில் ஒரு முறையாவது கண்ணாடி உடையக்கூடிய சாலையில் ஓட்டுபவருக்கு இது கட்டுப்படியாகும். கல் குவாரி, செம்பனை ஆலை, மேம்பாட்டுப் பணி நடக்கும் இடங்கள் வழியாகத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் எடுத்துவைப்பது நல்லது. நீண்ட தூர நெடுஞ்சாலைப் பயணம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். வீட்டிலிருந்து கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் பழைய காராக இருந்து, கண்ணாடியின் விலையும் குறைவாக இருந்தால், அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்து உடையும்போது மாற்றிக்கொள்வதும் தவறல்ல.

எடுப்பது என்று முடிவு செய்தால் தொகையைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கார் வாங்கிய ஆண்டில் முகவர் 500 ரிங்கிட் என்று போட்டிருப்பார். ஆண்டுதோறும் அதே தொகைக்குப் புதுப்பித்துக்கொண்டே வந்திருப்பார்கள். கண்ணாடி உடையும் நாளில் செலவு 900 ரிங்கிட் என்றால், மீதி 400 ரிங்கிட் சொந்தக் காசு. அதேபோல், 900 ரிங்கிட் கண்ணாடிக்கு 2,000 ரிங்கிட் பாதுகாப்பு எடுப்பதிலும் பயனில்லை. உண்மையில் ஆன செலவு மட்டுமே கிடைக்கும்.

தொகையை முடிவு செய்வதற்கு முன் மூன்று விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கண்ணாடியின் விலையும் பொருத்தும் கூலியும். ஒரே கார் மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு கண்ணாடி மாறுபடலாம். பட்டறையில் மாடலையும் ஆண்டையும் சொல்லி விலை கேட்பது நல்லது.

இரண்டாவது, டிண்டட் தாள். விலை உயர்ந்த தாள் ஒட்டியிருந்தால் சில வேளை கண்ணாடியைவிட அதற்கே செலவு அதிகமாகும். டிண்டட் செலவும் பாதுகாப்பில் அடங்குமா, ரசீது வேண்டுமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டியபோது கொடுத்த ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரமாக வைத்திருப்பவருக்குக் கோரிக்கை எளிதாகும்.

மூன்றாவது, கேமரா. அண்மைய ஆண்டுகளில் வந்த பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50, மைவியின் உயர்ந்த ரகங்கள் போன்ற கார்களில், முன்னே போகும் வாகனத்தைக் கண்டு எச்சரித்துத் தானாகப் பிரேக் போடும் வசதி உண்டு. அதற்கான கேமரா முன்கண்ணாடியின் உட்புறத்தில், நடுக்கண்ணாடிக்கு அருகில் இருக்கும். கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவின் பார்வைக் கோணத்தைக் கருவி வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தனிச் செலவு. அந்தச் செலவைக் காப்புறுதி ஏற்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதியின் விலையை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள அனுமதிக்கப்பட்டுள்ளது. அதனால் ஒரே காருக்கு இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேட்டுப் பார்ப்பது வீண் வேலையல்ல.

மாற்றுவதா, அடைப்பதா?

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அதனால்தான் உடைந்தாலும் சிதறாமல் நிற்கிறது. பக்கக் கண்ணாடிகளும் பெரும்பாலான கார்களின் பின்கண்ணாடியும் வேறு வகை. அடி பட்டால் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும்.

கல் பட்டு மேல் தகட்டில் மட்டும் சிறு குழி விழுந்திருந்தால், அதில் பசைத் திரவத்தைச் செலுத்தி அடைத்துவிடலாம். மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். குழி 20 காசு நாணய அளவுக்குள் இருக்க வேண்டும். ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலும் கண்ணாடியின் ஓரத்திலும் இருக்கக் கூடாது. நீளமாகக் கீறல் ஓடிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடைக்கும் வாய்ப்பை இழக்காமல் இருக்க, குழி விழுந்ததும் அதன்மேல் தெளிவான ஒட்டுநாடாவை ஒட்டி, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். கொதிக்கும் வெயிலில் நின்ற காரில் ஏறியதும் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பக் கூடாது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது. கீறல் ஓடுவதற்கு அந்த ஒரு நொடியே போதும்.

உடைந்ததும் செய்ய வேண்டியவை

வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பின் செய்ய வேண்டிய முதல் வேலை, கைப்பேசியில் படம் எடுப்பது. காரின் எண் பலகையும் உடைந்த கண்ணாடியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். உடைந்த இடத்தை நெருங்கி இன்னும் இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளலாம். பட்டறைக்குப் போன பின் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், உடைந்த கண்ணாடியை அவர்கள் கழற்றி எறிந்த பிறகு நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

அடுத்து, கண்ணாடியை மாற்றுவதற்கு முன்பே காப்புறுதி நிறுவனத்தையோ முகவரையோ அழைத்துப் பேச வேண்டும். சில நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் மாற்றிய கண்ணாடிக்குப் பணம் தர மறுக்கலாம். அப்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பத்திரத்தில் கண்ணாடிப் பாதுகாப்பு எவ்வளவு? பட்டியலில் உள்ள பட்டறை எது? போலீஸ் புகார் தேவையா? என்னென்ன ஆவணம் வேண்டும்?

நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பட்டறைக்குப் போனால், காப்புறுதித் தொகைக்குள் ஆகும் செலவை நிறுவனமே பட்டறைக்கு நேராகச் செலுத்திவிடும். கையில் காசு புரளாத மாதக் கடைசியில் இது பெரிய உதவி. வேறு பட்டறைக்குப் போனால், முதலில் சொந்தக் காசைச் செலுத்தி, பிறகு ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். அதற்கும் நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொதுவாகக் கேட்கப்படும் ஆவணங்கள் இவை: நிரப்பிக் கையெழுத்திட்ட கோரிக்கைப் பாரம், அடையாளக் கார்டு நகல், ஓட்டுநர் உரிம நகல், காரின் கிராண்ட் நகல், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பட்டறையின் அசல் ரசீது. பணம் திரும்பப் பெறுவதாக இருந்தால் வங்கிக் கணக்கு விவரம்.

பல குடும்பங்களில் கார் தோட்டத்தில் இருக்கும் அப்பாவின் பெயரில் இருக்கும். ஓட்டுவது பட்டணத்தில் வேலை செய்யும் மகன். காப்புறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பாரத்தில் கையெழுத்திட வேண்டும். பணமும் அவர் கணக்குக்கே வரும். என்.சி.டி. கழிவும் அவருடையதே. மகன் அவசரப்பட்டுச் செய்யும் ஒரு கோரிக்கை அப்பாவின் பல ஆண்டுக் கழிவைக் கரைத்துவிடக்கூடும் என்பதைக் குடும்பத்தில் பேசிவைத்துக்கொள்வது நல்லது.

போலீஸ் புகார் வேண்டுமா?

கல் பட்டுக் கண்ணாடி மட்டும் உடைந்தால் பல நிறுவனங்கள் போலீஸ் புகார் கேட்பதில்லை. ஆனாலும் இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நடைமுறை மாறும். யாராவது கண்ணாடியை உடைத்துப் பொருளைத் திருடியிருந்தாலோ, வேண்டுமென்றே சேதப்படுத்தியிருந்தாலோ, புகார் செய்தே ஆக வேண்டும். வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்து என்றால், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதி.

காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைத் திருடிச் சென்றால், கண்ணாடிக்குப் பாதுகாப்பு உண்டு, கைப்பைக்கு இல்லை. மடிக்கணினி, நகை, பணம் எதுவும் கார் காப்புறுதியில் அடங்காது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

புதிய கண்ணாடியின் மூலையில் தயாரிப்பாளரின் பெயரும் தரக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். பொருத்துவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம். அசல் கண்ணாடியா, வேறு நிறுவனக் கண்ணாடியா என்பதை ரசீதில் எழுதச் சொல்வது நல்லது.

கண்ணாடியை ஒட்டும் பசை இறுகுவதற்கு நேரம் தேவை. எவ்வளவு நேரம் கழித்து ஓட்டலாம் என்பதைப் பட்டறைக்காரரிடமே கேட்க வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது. விபத்தின்போது கூரை நசுங்காமல் தாங்குவதிலும், காற்றுப் பை சரியான திசையில் விரிவதிலும் முன்கண்ணாடிக்குப் பங்கு உண்டு. சரியாக ஒட்டாத கண்ணாடி அந்த நேரத்தில் கழன்றுவிடக்கூடும். முதல் ஓரிரு நாள் காரைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவாமல், கதவை ஓங்கிச் சாத்தாமல் இருப்பது நல்லது.

டோல் கட்டணத்துக்கான ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது முன்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்தால் பழைய கண்ணாடியோடு போய்விடும். உரித்து மறுபடி ஒட்டினால் வேலை செய்யாது. புதியதை வாங்கிப் பதிவு செய்யும் வரை டோல் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைப் பயன்படுத்த வேண்டும். சாலை வரி வில்லையைப் பற்றிக் கவலை வேண்டாம். 2023 பிப்ரவரி முதல் மலேசியக் குடிமக்களின் தனியார் கார்களில் அதை ஒட்ட வேண்டியதில்லை. மைஜேபிஜே செயலியில் காட்டினால் போதும்.

புதிய டிண்டட் ஒட்டும்போது சாலைப் போக்குவரத்துத் துறையின் விதியையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019 மே மாதம் திருத்தப்பட்ட விதியின்படி, முன்கண்ணாடி வழியாக 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும், முன்னிருக்கைப் பக்கக் கண்ணாடிகள் வழியாக 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் வெளிச்சம் புக வேண்டும்.

ஒரு முறை கோரினால் தீர்ந்துபோகும்

கண்ணாடிப் பாதுகாப்பு பெரும்பாலான பத்திரங்களில் ஒரு முறைக்கு மட்டுமே. கோரிப் பணம் பெற்றதும் அந்த ஆண்டுக்கான பாதுகாப்பு முடிந்துவிடும். அடுத்த மாதமே இன்னொரு கல் பட்டால் மறுபடியும் கிடைக்காது. வேண்டுமென்றால் கட்டணம் செலுத்தி மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். சில நிறுவனங்கள் முதல் கோரிக்கைக்குப் பின் தாமாகவே புதுப்பித்துத் தருகின்றன. பத்திரம் முடிய இன்னும் பல மாதம் இருக்கும்போது இதை விசாரித்துக்கொள்வது முக்கியம்.

இன்னும் சில இடங்களில் இந்தப் பாதுகாப்பு கைகொடுக்காது. மோதலில் கண்ணாடியுடன் முன்மூடி, விளக்கு என்று மற்றவையும் சேதமானால், அது கண்ணாடிக் கோரிக்கை ஆகாது. முழு விபத்துக் கோரிக்கையாகவே கணக்கிடப்படும். அந்த விபத்தில் தவறு மற்றவருடையது, அவர் வாகனமும் அடையாளம் தெரியும் என்றால், என்.சி.டி. பாதிக்காத வகையில் சொந்த நிறுவனத்திடமே கோரும் வழி உண்டு. அதை முகவரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டும்.

மரம் விழுந்தோ வெள்ளத்திலோ மண்சரிவிலோ கார் சேதமானால், அதற்கு இயற்கைப் பேரிடருக்கான வேறொரு கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். கிரேப் போன்ற இ-ஹெய்லிங் சேவைக்குக் காரை ஓட்டுபவர்கள் அதற்குரிய கூடுதல் பாதுகாப்பை எடுக்காமல் ஓட்டினால், பயணியை ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதத்துக்குக் கோரிக்கை மறுக்கப்படலாம். ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வருகிறவர்களுக்கு மலேசியக் காப்புறுதி அங்கேயும் செல்லும். தாய்லாந்துக்குப் போவதென்றால் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லோரிக்காரரிடம் கேட்க முடியாதா?

கல் லோரியிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தால் அதன் காப்புறுதி நிறுவனத்திடம் நட்டஈடு கேட்கலாம். நிரூபிப்பதுதான் கடினம். ஏற்றிய சுமையைச் சரியாக மூடாததால் அதிலிருந்து கல்லோ பழக்குலையோ விழுந்தது என்பதற்குக் கார் கேமராவில் பதிவும், லோரியின் எண்ணும் இருந்தால் போலீசில் புகார் செய்து முயன்று பார்க்கலாம். சாலையில் கிடந்த கல் சக்கரத்தில் பட்டுத் தெறித்தது என்றால், அது ஓட்டுநரின் கவனக்குறைவு என்று காட்டுவது எளிதல்ல. எப்படியானாலும் லோரியைத் துரத்திக்கொண்டு போய் எண்ணைக் குறித்துக்கொள்ள முயல்வது உயிருக்கு ஆபத்து. கனரக லோரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டுப் போவது எந்தக் காப்புறுதியையும்விட மலிவானது.

"இலவச டிண்டட்" என்று ஆசை காட்டினால்

"கண்ணாடியில் லேசான கீறல் இருக்கிறதே, உடைத்துவிட்டு கிளேம் செய்வோம், டிண்டட் இலவசம்" என்று ஆசை காட்டுபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நல்ல கண்ணாடியை வேண்டுமென்றே உடைப்பதும், ரசீதில் விலையைக் கூட்டி எழுதுவதும் மோசடி. கோரிக்கைப் பாரத்தில் கையெழுத்துப் போடுவது காரின் சொந்தக்காரர். சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக் கூடாது. தொகை, தேதி, வேலை விவரம் எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து; ஒரு நகலும் கையில் இருக்க வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக "முடியாது" என்று முகவர் சொன்னது நிறுவனத்தின் இறுதி முடிவு ஆகாது. முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவையிடம் முறையிடலாம். பயனீட்டாளருக்கு இதில் கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். பேங்க் நெகாராவின் பேங்க் நெகாரா லிங்க் சேவையிலும் ஆலோசனை கேட்கலாம். படங்கள், ரசீது, நிறுவனத்துக்கு அனுப்பிய வாட்சாப் செய்திகள் எல்லாம் அப்போது சான்றாகும். அழித்துவிடக் கூடாது.

இவ்வளவையும் கண்ணாடி உடைந்த பிறகு சாலையோரத்தில் நின்று தேடிக்கொண்டிருக்க முடியாது. காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும் பத்திரத்தையோ, முகவர் வாட்சாப்பில் அனுப்பியதையோ இன்றே ஒரு முறை திறந்து, கண்ணாடிக்கான வரி இருக்கிறதா, எவ்வளவு தொகை என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லாதவர்கள், சேர்க்க விரும்பினால், அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே சேர்க்க முடியுமா என்று முகவரிடம் கேட்கலாம். நிறுவனத்தின் அவசர எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவைத்து, காரை ஓட்டும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவைப்பது நல்லது.